அக்காவின் கணினியில் எனக்கொரு கடவுச்சொல்

மார்ச் 4

ஐந்தாம் இயலை அக்கா நீக்கிவிட்டாள். மின்னஞ்சலில் ஒரே வரி: "இது வேண்டாம். புத்தகம் நொண்டுது." மாடியில் குடியிருப்பவள், கீழே குடியிருக்கும் தம்பிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறாள்.

மண்ணைப் பற்றிப் பொதுவாசகருக்காக இருவரும் சேர்ந்து உருவாக்கும் நூல். கல்லூரியில் மண்ணியல் கற்பிக்கும் நான் எழுதுகிறேன். பதிப்பகத்தில் ஆயுள் முழுவதும் பிறர் எழுத்தை வெட்டி ஓய்வுபெற்ற அவள் செப்பனிடுகிறாள். ஆளுயரக் குழி ஒன்றைத் தோண்டி, அதன் சுவரில் தெரியும் மண் அடுக்குகளை மேலிருந்து கீழாகப் படித்துக்காட்டும் இயல் அது. அதை எழுதுவதற்காகவே இந்த நூலுக்கு ஒப்புக்கொண்டேன். அவளுக்கு இது தெரியும். தெரிந்தே வெட்டினாள்.

நான் குரல் உயர்த்தவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 6

இதுவரை பென்டிரைவைச் சுமந்து மாடி ஏறி இறங்கியவள் என் மனைவி. இன்று அதை மேசைமேல் வைத்துவிட்டாள். "நான் என்ன கூரியரா? உங்க ரெண்டு பேர் வீம்புல என் முழங்கால்தான் தேயுது. வாய் இருக்குல்ல?"

இருக்கிறது. பயன்படுத்துவதாக இல்லை.

மாத இறுதியில் பதிப்பகத்திடம் பிரதி போய்ச் சேர வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே வைஃபை. இரு கணினிகளுக்கும் பொதுவாக ஒரு கோப்புறை இருந்தால், ஒரு சொல்லும் பேசாமல் நூலை முடித்துவிடலாம். என்னுடையது விண்டோஸ், அவளுடையது லினக்ஸ். இரண்டையும் பேசவைக்க சாம்பா என்றொரு மென்பொருள் இருக்கிறது. அக்காவை அண்ணி என்றழைக்கும் மனைவி மேலே போய்க் கேட்டுவந்தாள் (இதுவே கடைசி முறையாம்): "அண்ணி ஏற்கெனவே போட்டு வெச்சிருக்காங்களாம். நீங்க எப்போ கேப்பீங்கன்னுதான் பார்த்தாங்களாம்."

மார்ச் 7

வலையமைப்புப் பட்டியலில் அவளுடைய கணினி தென்படவே இல்லை. முகவரி எண்ணைத் தட்டிய பிறகுதான் கதவு வரை போக முடிந்தது. அங்கே ஓர் அறிவிப்பு: விருந்தினராக நுழைவதை உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது.

எந்த நிறுவனம்? இந்த வீட்டிலா?

படித்துப் பார்த்ததில் விளங்கியது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அக்கா திறந்து வைத்திருக்கிறாள். பெயரில்லாமல் உள்ளே போக விண்டோஸ் மறுக்கிறது. அவளுடைய கணினியில் எனக்கென ஒரு கணக்கு வேண்டும். கடவுச்சொல்லை அங்கே போய் நானே தட்ட வேண்டும்.

மார்ச் 8

மாடிக்குப் போனேன்.

"வாங்க சார். வழி ஞாபகம் இருக்கா?"

"கடவுச்சொல் கொடுக்க வந்தேன்."

"அடிடா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

தட்டினேன். கறுப்புத் திரையில் ஓர் எழுத்தும் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை.

"ஒண்ணுமே விழலையே."

"விழாது. எல்லாத்தையும் உள்ளுக்குள்ள வாங்கிக்கும், மூச்சு விடாது. உன்ன மாதிரிதான். அடிச்சு முடிச்சிட்டு என்டரைத் தட்டு."

தட்டிவிட்டு இறங்கிவிட்டேன். காபி குடிக்கிறாயா என்று அவள் கேட்டது படியில்தான் காதில் விழுந்தது.

மார்ச் 9

கோப்புறை திறந்தது. எல்லா இயல்களும் வரிசையாக நின்றன. ஒப்புக்கொள்கிறேன் – ஒரு கணம் மகிழ்ச்சியாகவே இருந்தது.

வெட்டப்படாத என் ஐந்தாம் இயலை அதில் சேர்க்க முயன்றேன். அனுமதி மறுக்கப்பட்டது. படிக்கலாமாம், எழுதக் கூடாதாம். என் நூலில்! எனக்கு! யாரு குடுத்தா இவளுக்கு இந்த அதிகாரம்?

நூலிலிருந்து விலகுவதாகப் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிழையற்ற, மரியாதையான கடிதம். இன்னும் அனுப்பவில்லை.

மார்ச் 10

கடிதத்தைத் தோளுக்குப் பின்னாலிருந்து மனைவி படித்து, மேலே சொல்லியும் இருக்கிறாள். பின் அக்காவே இறங்கி வந்தாள்.

"டேய், புதுசா எதைப் பகிர்ந்தாலும் சாம்பா படிக்க மட்டும்தான் விடும். அதோட சுபாவம் அது. எழுத விடுன்னு நாமதான் ஒரு வரி சேக்கணும். மறந்துட்டேன், இப்பதான் சேத்தேன். அதுக்குள்ள துறவறமா?"

அவள் போன பிறகு ஆவணங்களில் சரிபார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். எரிச்சலாக இருந்தது. கடிதத்தை அழிக்கவில்லை.

மார்ச் 11

ஐந்தாம் இயலைப் பொதுக் கோப்புறையில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 14

அங்கேயே கிடக்கிறது.

மார்ச் 16

கல்லூரிக்குக் கிளம்புமுன் ஒரு காற்புள்ளியைத் திருத்த அந்த இயலைத் திறந்தேன். திரையில்: "இக்கோப்பை 'அக்கா' திருத்திக்கொண்டிருக்கிறார்."

இயங்குதளம்தான் வேறு, இருவரும் எழுதுவது ஒரே செயலியில். ஒருவர் திறந்து வைத்திருந்தால் மற்றவருக்கு அவர் பெயரைக் காட்டும். பெயரை நாம்தான் நிரப்ப வேண்டும். நான் முனைவர் பட்டத்தோடு நிரப்பியிருக்கிறேன். அவள் இப்படி நிரப்பியிருக்கிறாள்.

படிக்க மட்டும் திறக்கவா, நகலைத் திறக்கவா என்று செயலி கேட்டது. இரண்டும் வேண்டாமென்று மூடினேன்.

மாலையில் திரும்பியபோதும் அவள் கையில்தான் இருந்தது. "அண்ணியைச் சாப்பிடக் கூப்பிட்டா 'இரு, குழியில பாதி இறங்கிட்டேன்'ங்கறாங்க" என்றாள் மனைவி.

மார்ச் 17

இயலில் பாதி சிவப்புக் கோட்டுக்குள் கிடக்கிறது. அட்டவணைகள் முழுவதும் போய்விட்டன. ஓரத்தில் அவள் குறிப்பு: "இது அஞ்சாவது இல்லடா, முதலாவது. நாலு இயல் சூத்திரத்தைத் தாண்டி வந்தா எவன் குழியில இறங்குவான்? புத்தகமே இங்கதான் ஆரம்பிக்கணும். அன்னிக்கு எனக்கே தெரியல."

இருமுறை படித்தேன். மறுக்க ஒரு காரணம் தேடினேன். அட்டவணைகளைத் தவிர வேறு அகப்படவில்லை.

ஓர் அட்டவணையைத் திரும்பச் சேர்த்தேன்.

மார்ச் 18

நீக்கிவிட்டாள். மறுபடி சேர்த்தேன்.

மார்ச் 25

காலையிலிருந்து முதல் இயலில் கடைசிப் பத்தியைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து குரல்:

"டேய்! அதை மூடித் தொலைடா! 'தம்பி திருத்திக்கொண்டிருக்கிறார்'னே காட்டுது. முனைவர் எங்க போனாரு?"

"ஒரு பத்திதான்க்கா பாக்கி."

"இப்படிக் கத்தறதுக்கா வலையமைப்பு?" இது சமையலறையிலிருந்து.

கோப்பை மூடினேன். காபி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே படி ஏறினேன்.