நூல் கடித்த பற்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன். வாண்டுக்குச் சளி இறங்கிவிட்டதா? மூன்று வாரத்துக்கு முன்னால் நான் போனைப் பாதியில் வைத்ததில் உனக்குக் கோபம் இருக்கும், இருக்கட்டும், எனக்கும் இருக்கிறது. அன்றிலிருந்து நீ அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய், அவரும் அம்மா நல்லா இருக்கா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார், அவர் சுபாவம் உனக்குத் தெரியும். "செத்து நூறு வருஷமானவங்களுக்காக உயிரோட இருக்கறவங்ககிட்ட ஏம்மா மல்லுக்கு நிக்கற, ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வீட்டுக்குப் போ" என்றாய். போனில் பதில் சொன்னால் ஒன்று கத்திவிடுவேன், இல்லை அழுதுவிடுவேன், அதனால்தான் காகிதம். நடந்ததை முழுக்கப் படி, அப்புறம் திட்டு.

இருபத்திரண்டு வருஷமாக நான் பார்க்கும் வேலை என்னவென்று உனக்கே பாதிதான் தெரியும், சின்ன வயதில் அம்மா எலும்பு பொறுக்கப் போயிருக்கா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்தவள்தானே நீ. யாராவது பழைய இடத்தில் புதிதாகக் கட்ட வந்தால் அங்கே மண்ணுக்கு அடியிலும் மேலும் என்ன இருக்கிறது என்று பார்த்து அறிக்கை கொடுப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. ஐந்து பேர் இருந்தோம். எலும்புக்கு நான். மண்ணைப் பார்க்க ஒருவர், அவரை எல்லாரும் மண்ணாங்கட்டி என்றுதான் கூப்பிடுவோம், அவரும் வாயே திறக்காமல் திரும்பிப் பார்ப்பார். பழைய காகிதங்களுக்கு ஒருத்தி, ராமபாணப் பூச்சி மாதிரி தாளுக்குள்ளேயே கிடப்பதால் அவள் பூச்சி. பழைய கட்டிடங்களுக்கு ஒரு இளம் பொறியாளர். எங்களுக்கு மேலே இயக்குநர். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தாரே, அவரேதான். அதை நான் மறக்கவில்லை, மறக்காததால்தான் இது இவ்வளவு வலிக்கிறது.

இந்தத் தடவை வந்தது ஒரு பழைய ஆலை. சாக்கும் கித்தானும் தைத்த இடம், கூரை போய்விட்டது, சுவர் மட்டும் நிற்கிறது. அங்கே ஒரு கம்பெனி வணிக வளாகம் கட்டப் போகிறது. கிழக்குப் பக்கத்துச் சுவரை ஒட்டிச் சோதனைக் குழி போட்டபோது மண்ணாங்கட்டி முட்டி போட்டுக் குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை. என்ன என்று போய்ப் பார்த்தால் மண்ணின் நிறம் கட்டம் கட்டமாக மாறியிருக்கிறது. ஒரே நீளம், ஒரே திசை, இருபத்து மூன்று புதைகுழிகள். ஆறை மட்டும் திறந்தோம். நான்கு பேர் வளர்ந்த பெண்கள், இடுப்பெலும்பு அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மற்ற இரண்டும் இளசு, ஞானப்பல் இன்னும் வெளியே வரவில்லை, ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, முடியாது என்றே எழுதினேன். ஆறில் ஐந்து பேருக்கு மேல் முன்பல் விளிம்பில் அரைவட்டமாக ஒரு பள்ளம், குண்டூசியின் தலை உட்காரும் அளவு. பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ சட்டைக்குப் பொத்தான் தைத்துவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுப்பாயே, நான்கூட அதட்டுவேனே, அதை வருஷக்கணக்காக நாள் முழுக்கச் செய்தால் பல் அப்படித் தேயும். பூச்சி ஆலையின் பழைய ஆள் பதிவேட்டைத் தேடிப் பிடித்தாள். ஒரே மழைக்காலத்தில் பத்தொன்பது பெயர்களுக்கு எதிரே ஒரே கையெழுத்தில் ஒரே வரி: வேலையை விட்டு நின்றார். காய்ச்சலா, வேறு ஏதாவதா, மிச்சம் நாலு குழியில் யார், எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் சுவருக்குப் பின்னால் புதைத்துவிட்டு நின்றுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள், அது மட்டும் தெரியும்.

நான் இடுகாடு என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்த அறிக்கையில் என் பெயருக்குக் கீழே "சிதறிய சில எலும்புகள், கால்நடையுடையவையாகவும் இருக்கலாம்" என்று இருந்தது. இயக்குநர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார், சாத்தவில்லை. "இந்தக் கம்பெனி வேலை வேற ஆபீசுக்குப் போயிட்டா நம்ம ஆபீசே இல்லம்மா. உங்களுக்கு ரிடையர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு, எதுக்கு இப்பப் போய் கல்ல விட்டெறியறீங்க, அச்சடிச்சதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க" என்றார். நான் பார்த்ததைத்தான் சார் எழுதினேன், பாக்காததுக்குக் கையெழுத்து போட முடியாது என்றேன். அப்படின்னா வேற எலும்பு நிபுணரைக் கூப்பிட வேண்டியதுதான் என்றார். கூப்பிடுங்க, அவர் வந்து பாத்தாலும் குழியில அதே பல்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம்தான் நீ போன் செய்தாய்.

அடுத்த புதன்கிழமை நகராட்சிக் கூடத்தில் விசாரணை. ஐந்து பேர் குழு, யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்று பலகையிலேயே எழுதியிருந்தது. நான் இஸ்திரி போட்ட நீலப் புடவையில் போனேன். கைப்பையில் என் அசல் அறிக்கை, புகைப்படங்கள். கம்பெனி வக்கீல் அச்சடித்ததை வாசித்து முடித்ததும் எழுந்தேன். அந்த வரி என்னுடையது இல்லை என்று சொல்லிப் படங்களை மேஜையில் பரப்பினேன். வக்கீல் சிரித்துக்கொண்டே, "மாட்டுப் பல்லாக்கூட இருக்கலாமில்லையாம்மா?" என்று கேட்டார். "ஐயா, மாட்டுக்கு மேல் தாடையில முன்பல்லே கிடையாது. நூல் கடிச்சு அறுத்த மாடு ஏதாவது இருந்தா சொல்லுங்க, நானும் வந்து பாக்கறேன்" என்றேன். கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் பின்வரிசையில் நாற்காலி கிறீச்சென்றது, பார்த்தால் மண்ணாங்கட்டி எழுந்து நிற்கிறார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. "குழியெல்லாம் மனுஷன் வெட்டினது. வரிசையா வெட்டினது. நான் அளந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பூச்சி பதிவேட்டின் நகலைக் கொண்டுபோய்க் குழுத் தலைவி கையிலேயே கொடுத்தாள். பொறியாளர் எழவில்லை, ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள், நான் அவரைக் குறை சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே.

கிழக்குப் பக்கத்தை யாரும் தொடக்கூடாது, முழுக்க அகழ்ந்து பார்த்த பிறகுதான் மற்றது என்று அங்கேயே தீர்ப்பு. மறுநாள் காலையில் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன் என்று என் பெயரில் அச்சடித்து வைத்திருந்தார். "உங்க மரியாதைக்காகத்தான்" என்றார், கண்ணைப் பார்க்காமல். நான் அதை அடித்துவிட்டு, அறிக்கையை மாற்ற மறுத்ததால் நீக்கப்பட்டேன் என்று கையால் எழுதித் தேதி போட்டு, ஒரு நகலும் எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். அவர் பாவம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் என் அறிக்கையைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, "பதினோராம் பக்கத்துல ஒரு ஒற்று விட்டுப்போச்சு" என்றார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் இதுவரை அவர் எனக்குக் கொடுத்த பாராட்டுகளிலேயே பெரியது அதுதான்.

உன் கேள்விக்கு வருகிறேன். செத்தவர்களுக்காக இல்லை கண்ணு. அவர்களுக்கு நான் எதுவும் செய்துவிட முடியாது. என் கண்ணால் பார்த்ததை என் பெயரிலேயே பொய்யாக்க யாருக்கும் உரிமை கிடையாது, அவ்வளவுதான். நாளைக்கே இன்னொருவர் இன்னொரு தாளை நீட்டினாலும் இதையேதான் செய்வேன். வயதான காலத்தில் எதற்கு என்று மறுபடி கேட்காதே. இந்த வயதில் நான் யாருக்குப் பயப்பட வேண்டும்?

போன வெள்ளிக்கிழமை நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. அந்த இருபத்து மூன்று குழிகளையும் முறைப்படி அகழ்ந்து பதிவு செய்யும் பொறுப்பை எங்களுக்கே கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு என்றால் எனக்கு, மண்ணாங்கட்டிக்கு, பூச்சிக்கு. அவர்கள் இருவரும் தாமாகவே பழைய அலுவலகத்தை விட்டு வந்துவிட்டார்கள், நான் கூப்பிடவில்லை. இப்போதைக்கு நம் வீடுதான் அலுவலகம். உன் அறையில் கட்டிலைக் கழற்றிவிட்டு நீள மேஜை போட்டாயிற்று, உன் அலமாரியில் மண் பொட்டலங்கள், சுவரில் ஆலையின் வரைபடம். அடுத்த தடவை வரும்போது கூடத்தில்தான் படுக்க வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வாண்டுக்கு என் முத்தம். நீ நன்றாகச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், உன் வேலை இடத்தில் யாராவது உன் பெயரில் எழுதிய தாளைக் கொடுத்தால் முழுக்கப் படித்துப் பார். மூவரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். திங்கட்கிழமை வேலை ஆரம்பம். பகலில் போன் செய்யாதே, எடுக்கமாட்டேன், குழிக்குள் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அம்மா