பிளேன்டீ போட்டுப் பார்த்து வாங்கிய வீடு

ராத்தா,

இன்று காலை உங்கள் கேத்தலில் தண்ணீர் கொதித்தது. பெட்டி ஒன்றும் திறக்கவில்லை, உட்காரக் கதிரைகூட இல்லை. மான்செஸ்டரில் எங்கள் பெயரில் எழுதப்பட்ட வீட்டின் வெறும் குசினியில் நின்றுகொண்டு முதல் வேலையாகத் தேயிலை போட்டேன். அந்த வாசம் வந்ததும் நீங்களும் வந்துவிட்டீர்கள்.

சண்டை முடிந்து, அகதி முகாமை விட்டு வெளியேற நாம் இருவரும் ஆலங்குடாவில் காணி தேடித் திரிந்தோமே. விற்கிறவர்கள் தென்னையைக் காட்டுவார்கள், றோட்டுக்குக் கிட்ட என்பார்கள். நீங்கள் எதையும் காதில் வாங்காமல் கிணற்றில் அள்ளி, மூன்று கல் வைத்து, தேங்காய்ப் பொச்சுமட்டை மூட்டி, இந்தக் கேத்தலை ஏற்றிவிடுவீர்கள். வெட்கத்தில் உங்கள் தங்கச்சி நான், உங்களைத் தெரியாதவள் போலத் தள்ளி நிற்பேன்.

"மதிலப் பார்த்து மயங்காத புள்ள. தண்ணி உப்பெண்டா அது என்ன வீடு?" என்பீர்கள்.

ஏழு காணி உப்பு. எட்டாவது கிணற்றுத் தேயிலையை இருவரும் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தோம். அங்கேயே பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டினோம். உங்கள் வீட்டில் நீங்கள் இருந்தது நாலே வருடம். புத்தளம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த நானே, நோயில் கிடந்த உங்களுக்குக் கடைசி ஊசியும் போட்டேன்.

எனக்கு இங்கே தாதி வேலை கிடைத்தபோது, கட்டாரிலிருந்து திரும்பியிருந்த இவர் சொன்னார்: "முதல்ல போய் வாடகைக்கு இருப்பம். கண்ணால காணாத வீட்ட ஆரும் வாங்குவாங்களா?"

"மன்னார விட்டு எங்களத் துரத்தக்குள்ள எங்க போறமெண்டு தெரியாமத்தான் உம்மாட கையப் பிடிச்சு வந்தன். இன்னொருக்கா அப்படிப் போக மாட்டன். எனக்கெண்டு ஒரு கதவு அங்க இருக்கெண்டா வாறன்" என்றேன். ஊரே சிரித்தது. நான் அசையவில்லை.

படத்தில் பார்த்த முதல் வீடு அரண்மனைதான். மறுநாள் கையெழுத்து என்றிருந்தது. வீட்டைத் தொலைபேசி வீடியோவில் சுற்றிக் காட்டிய தரகரிடம், பால் சேர்க்காமல் ஒரு பிளேன்டீ போட்டுக் காட்டச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இவர் முகத்தை மறைத்துக்கொண்டார். குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுச் செங்கல் நிறத்தில் துப்பியது. கனநாள் பூட்டிக் கிடந்த வீடு, கொஞ்ச நேரத்தில் தெளியும் என்றார் தரகர். கால்மணி நேரம் பார்த்தோம், தெளியவில்லை. உள்ளே குழாயெல்லாம் துருவேறி உக்கிப்போய் இருப்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

இரண்டாவது வீட்டைக் காட்டியவர் ஒரு பெண். சிரிக்கவில்லை. தேயிலை போட்டு, கண்ணாடிக் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடி தெரிந்தது. பிறகு பாதியை அவரே குடித்துவிட்டார். இவர் மெல்லச் சொன்னார்: "ராத்தா இருந்திருந்தா, இன்னும் என்னத்தப் பார்க்கிற, கையெழுத்தப் போடு எண்டிருப்பா." போட்டேன், ராத்தா. கடல் தாண்டுமுன்னே வீடு வாங்கியவள் நான். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

முகாமில் என் கொட்டிலுக்குக் கதவு கிடையாது, ஒரு சாக்குத்தான் தொங்கியது. அதற்கு வெளியே நின்று நீங்கள் வாயாலேயே "டக் டக்" என்று தட்டுவீர்கள். "கதவு வரக்குள்ள பழகியிருக்க வேணும்" என்பீர்கள். நான் உள்ளேயிருந்து, "திறந்துதான் கிடக்கு, வாங்க ராத்தா" என்பேன். இருவரும் சிரிப்போம்.

இன்று தேயிலையைக் குடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரராக இருக்க வேண்டும். வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது: "திறந்துதான் கிடக்கு, வாங்க."

திறந்து கிடக்கவில்லை, ராத்தா. நல்ல பாரமான கதவு, பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது. போய்த் திறந்தேன்.