ஒரு தடவை கூப்பிட்டால் போதும்

மதனி,

உங்கள் மகள் நேற்று மலையிலிருந்து இறங்கியதும் நனைந்துபோன இடுப்புச் சாக்கை என் வீட்டுக் கொடியில் காயப் போட்டுவிட்டுப் போனாள். ஏலக்காய் எடுக்கிறவர்கள் முந்தானை அழுக்காகாமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வோமே, அதுதான். காலையில் கதவைத் திறந்ததும் அந்த வாசம் வந்தது. கடையில் வாங்குகிற ஏலக்காயின் வாசம் இல்லை. பச்சைச் செடியும் சேறும் மழைத் தண்ணீரும் கலந்த வாசம். நீங்களே வாசலில் வந்து நிற்பதுபோல் இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எனக்கு இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அடித்துக்கொள்கிறது, அது வேறு விஷயம்.

நான் பயந்தாங்கொள்ளி என்று உங்களுக்குத் தெரியாததா? நம் ஊர் சிலமலையில் தோட்ட வேலைக்கு ஜீப்பு ஏறும்போதே மேலே மலைப்பாதையின் மெட்டு வளைவில் பிரேக் பிடிக்குமா என்று கேட்கிறவள் நான். "பிடிக்காட்டி எல்லாருஞ் சேந்துதான போவோம், தொணைக்கு ஆளிருக்கு, பேசாம வா புள்ள" என்பீர்கள். ஜீப்பே சிரிக்கும். நான் மட்டும் கம்பியை விடமாட்டேன்.

தோட்டத்துக்குள் போய்விட்டால் என் பயம் வேறு மாதிரி ஆகிவிடும். ஏலச் செடி ஆளை மூடுகிற உயரம். தூரில் குனிந்து காய் எடுக்கிறவளை நாலு அடி தள்ளி இருக்கிறவளுக்குத் தெரியாது. காட்டுமாடு வரும், கால் வழுக்கும். அதனால்தான் நம் ஆட்கள் அவ்வப்போது பேர் சொல்லிக் கூப்பிடுவதும், கூப்பிட்டால் "இருக்கேன்" என்று பதில் கொடுப்பதும். பதில் வராவிட்டால் காய் எடுப்பு நிற்கும், தேடப் போக வேண்டும். அந்தக் கூப்பாட்டில் நம் கூட்டத்திலேயே பெரிய தொண்டை என்னுடையது.

நீங்களோ மத்தியானம் சோறு தின்றதும் தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒற்றையாக மேட்டில் ஏறிப் போவீர்கள். மேலே ஒரு பாறை. அரை மணி நேரம் அதில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவீர்கள். அங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் செய்யல. காலையில எந்திரிச்சதுல இருந்து யாருக்காச்சும் ஒரு சோலி. அங்க உக்காந்தாத்தான் நேத்து என்ன பேசுனேன், யாரத் திட்டுனேன்னு எனக்கே நெனப்பு வருது."

எனக்கு அது விளங்கவில்லை. ஒரு பொம்பளை சும்மா உட்கார மேட்டில் ஏறுவாளா?

அந்த மழை நாளை நான் மறக்கவில்லை. மூட்டம் இறங்கியிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் காட்டுமாடு வந்ததாகக் காலையிலேயே பேச்சு. நான் கீழே நின்று "மதனீ!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். மூச்சு விடாமல் கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிடப் பயம் ஏறியது. மொத்தக் கூட்டமும் காயைப் போட்டுவிட்டு என் பின்னால் மேடேறியது. நீங்கள் பாறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"பதில் குடுத்தா வாயி தேஞ்சா போகும்?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"குடுத்தேனே புள்ள" என்றீர்கள்.

ஒருத்தரும் நம்பவில்லை. பத்துப் பேர் காதுக்குக் கேட்காத பதில் என்ன பதில்? நானும் நம்பவில்லை. நம்பாமல் இருந்ததோடு விட்டிருக்கலாம். அன்று சாயங்காலமே அண்ணனிடம் போய், "மதனி ஒத்தையில மேல போகுது, கூப்பிட்டா பதிலும் குடுக்கல, கேட்டாப் பொய் சொல்லுது" என்று ஒப்பித்தேன். பயத்தில்தான் சொன்னேன். அண்ணன் காதில் அது பயமாக விழவில்லை.

"பதில் சொல்ல முடியாம மலையில அவளுக்கு என்ன சோலி?" என்றார். அதோடு உங்கள் மலை முடிந்தது.

போடியில் காய் பிரிக்கிற குடோனில் உங்களைச் சேர்த்துவிட்டார். இடமும் வலமும் ஆள் இடிக்கிற வரிசை. முறத்தில் காயைப் பரப்பி, வெளுத்ததையும் வெடித்ததையும் பொறுக்கிப் போட வேண்டும். தலையை நிமிர்த்தினால் மேஸ்திரி பார்ப்பார். பதினோரு வருஷம் அங்கே உட்கார்ந்தீர்கள். என்னோடு சண்டை போடவில்லை. தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்துவிட்டீர்கள். நான் என் மனதில் உங்களைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், மதனி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

போன ஐப்பசியில் தேனி ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். உங்களுக்குப் பேச மூச்சுப் போதவில்லை. அப்போதும், "ஒருநா நீ அந்தப் பாறையில போயி உக்காந்து பாரு புள்ள, ஒனக்கு நல்லது" என்றீர்கள். நான், "மொதல்ல எந்திரிச்சு வாங்க, சேந்து போவோம்" என்றேன். நீங்கள் எழுந்து வரவில்லை.

நீங்கள் போனபிறகு எனக்குப் படபடப்பு முற்றிவிட்டது. திருப்பூரில் இருக்கிற என் மகன் போனை எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடிப்பேன். "ஒரு தடவ கூப்பிட்டாப் போதும்மா, பாத்துட்டு நானே கூப்பிடுவேன்" என்று கெஞ்சுகிறான். டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சுல ஒண்ணுமில்ல. தெனமும் கொஞ்ச நேரம் அமைதியா ஒரு எடத்துல உக்காருங்கம்மா" என்றார். சுளுவாகச் சொல்லிவிட்டார். வீட்டில் உட்கார்ந்தால் குக்கர் கத்துகிறது. மாடியில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரி, "என்னக்கா, மகனுக்கு ஏதும் பிரச்சனையா?" என்று எட்டிப் பார்க்கிறாள். கோயிலில் கண்ணை மூடினால், என்ன வேண்டுதல் என்று ஒருத்தி விசாரிக்கிறாள். சும்மா உட்காருகிற பொம்பளைக்கு இந்த ஊரில் இடமில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்து, தனக்கென்று ஓர் இடமும் தேடிக்கொண்டவர் நீங்கள். அதைப் பிடுங்கியவள் நான்.

முழங்கால் வலியோடு முந்தாநாள் உங்கள் மகளுடன் ஜீப்பு ஏறினேன். அதே தோட்டம். சோறு தின்றுவிட்டு யாரிடமும் சொல்லாமல் மேடேறினேன். பாறை அப்படியே இருக்கிறது. உட்கார்ந்தேன். அமைதி ஒன்றும் ஓடி வந்துவிடவில்லை. கேஸை மூடினேனா, மகன் சாப்பிட்டானா, காலில் ஊர்வது அட்டையா என்று என்னென்னவோ. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் ஓய்ந்து, அண்ணனிடம் நான் பேசிய பேச்சு மட்டும் மிஞ்சியது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழேயிருந்து உங்கள் மகளின் குரல் வந்தது. "அத்தே!"

"இருக்கேன்த்தா!" என்றேன்.

"அத்தே! அத்தே! அத்தே!"

நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் விடவில்லை. செடியை விலக்கிக்கொண்டு, கையெல்லாம் கீறலோடு அழுதபடி மேலே வந்து நின்றாள்.

"கூப்பிட்டாப் பதில் குடுக்க மாட்டீங்களா? எனக்கு உசுரே போயிருச்சு!"

"குடுத்தேனே" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது, மதனி. அது உங்கள் வார்த்தை.

"கூப்பிட்டுட்டு ஒரு நிமிசம் நின்னு கேட்டியாத்தா?"

"எங்குட்டு நிக்கிறது? பயத்துல கத்திக்கிட்டேல்ல வந்தேன்."

அன்றைக்கு நீங்கள் பதில் கொடுத்தீர்கள். எத்தனை தடவையோ கொடுத்திருப்பீர்கள். என் கத்தலே அதை அமுக்கிவிட்டது. மேடேறுகிற வழியெல்லாம் நான் வாயை மூடவேயில்லையே. பின்னால் வந்தவர்கள் காதிலும் என் தொண்டைதான் விழுந்திருக்கும். பொய் சொன்னவள் நான்தான், மதனி.

திரும்பி வரும்போது ஜீப்பில் உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மலை அலுத்துப் போய்த்தான் அம்மா குடோனுக்குப் போனாள் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். சிலமலை வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. இனி என்னோடு பேசவே மாட்டாளோ என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது சொன்னாள்: "நாளைக்கு நான் போயி அங்க உக்காருறேன். நீங்க கீழ நில்லுங்க."

நேற்று அவள் ஏறிப் போனாள். மூட்டம் இறங்கியிருந்தது, தூறலும் பிடித்தது. வெகுநேரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவை. அடுத்தது தொண்டை வரை வந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். நெஞ்சு அடிக்கிறது, இலையில் தண்ணீர் சொட்டுகிறது, வேறு சத்தமே இல்லை.

மேலேயிருந்து, மெல்ல, உங்கள் குரலிலேயே வந்தது.

"இருக்கேன்."