என் பின்னால் தெரிந்த அலமாரி

பாப்பாவின் அம்மாவுக்கு,

போன் கண்ணாடி விரிசல் விட்டதற்காகப் பாப்பாவைத் திட்டாதே. அவள் என்ன செய்வாள், பாவம்.

லேப்டாப், இன்னொரு திரை, கீபோர்டு எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு ஆமை மாதிரி ஊர் ஊராக அறை மாறுகிறேன். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று கேலி செய்வாயே, உனக்குக் கருநாக்குதான்.

நான் இப்போது உங்களோடு இல்லை என்று ஆபீஸில் இன்னும் சொல்லவில்லை. ஆன்லைன் மீட்டிங்கில் திரையில் என் பின்னால் நம் படுக்கையறை அலமாரியின் படத்தை வைத்துக்கொள்கிறேன். "குடும்பத்தோட இருக்கீங்க, கொடுத்து வெச்சவர்" என்கிறார் மேனேஜர்.

நேற்று மீட்டிங் முடிந்து லேப்டாப்பிலிருந்தே பாப்பாவைக் கூப்பிட்டேன். பின்னால் இருந்த அலமாரிப் படத்தை நீக்க மறந்துவிட்டேன். "அப்பா, நம்ம ரூம்லயா இருக்கே?" என்றவள் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். திரையில் மேலே சுற்றும் ஃபேன் மட்டும் தெரிந்தது. "கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கியா?" என்று சிரித்துக்கொண்டே தேடினாள்.

நான் "பாப்பா, பாப்பா" என்று கத்தினேன்.

"சத்தம் கேட்டுருச்சு, வீட்டுக்குள்ளதான் இருக்கே" என்று இன்னும் வேகமாகத் தேட ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

பாப்பாவின் அப்பா