இரண்டு மூலையில் ஒரே நண்டு

கே.கே. நகர், மதுரை
3.8.2024

அன்புள்ள ஆன்மேரிக்கு மதினி எழுதுவது. ஸ்தோத்திரம்.

எலி மூளைக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் நீ எடுத்த படம் சட்டத்தோடு வந்து சேர்ந்தது. ஓவியக் கண்காட்சியில் பரிசு, அறிவியல் பத்திரிகையிலும் அதே படம் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். உங்க அண்ணன்தான், "என்னடி இது, கொத்து புரோட்டாவப் போட்டோ புடிச்சு அனுப்பிருக்கா?" என்றார்.

எனக்குப் பிடித்தது. சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குத் திருவிருந்து மேசை விரிப்பில் தைக்கலாமென்று கட்டத்தாளில் புள்ளி புள்ளியாக இறக்கினேன். (எலி மூளை என்று போதகர் வீட்டம்மாவிடம் சொல்லவில்லை.) அதில்தான் ஒரு சந்தேகம். இடது மேல்மூலையில் பதினேழு புள்ளி, நண்டு மாதிரி. வலது கீழ்மூலையிலும் அதே பதினேழு, அதே நண்டு, கொஞ்சம் திருப்பி வைத்தாற்போல. மூன்று தடவை எண்ணிவிட்டேன். பூவேலையில் நாங்கள் ஒரே பூவை இரண்டு இடத்தில் போடுவோம். மூளைக்குள்ளும் அப்படியா?

அன்புடன்,
ஹெப்சிபா


பெங்களூரு
12.8.2024

அன்புள்ள மதினி,

புள்ளி எண்ணுவதை விடுங்கள்! ஓவியரும் ஆராய்ச்சி செய்யும் நாங்களும் ஒரே ரகம். யாரும் பார்க்காத ஒன்றை முதலில் மனசில் பார்க்கிறோம். வண்ணமும் கருவியும் அப்புறம்தான். அந்த மூலை வெறுமையாக இருந்தது, படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவ்வளவுதான். அண்ணனிடம் சொல்லிக் கலவரப்படுத்தாதீர்கள்.

உங்கள் செல்ல
ஆன்மேரி


மதுரை
18.8.2024

ஆன்மேரி,

உன் "அவ்வளவுதான்" என்னால் விழுங்க முடியவில்லை. கற்பனை வேண்டாமென்று சொல்லவில்லை. விரிப்பில் எனக்குத் தோன்றின இடத்தில் பூ வைப்பேன். நிஜமாகவே முளைத்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஓவியரையும் கேட்க மாட்டார்கள். நீ மனசில் பார்த்ததை எலியிடம் கேட்டிருக்க வேண்டுமல்லவா? அது இல்லையென்று சொன்ன இடத்தில் நீயே எடுத்து ஒட்டிவிட்டாயோ? பத்திரிகையில் படத்துக்குக் கீழே என்ன போட்டிருக்கிறாய்: வரைந்தேன் என்றா, கண்டேன் என்றா?

ஜெபத்தில் உட்கார்ந்தாலும் நண்டுதான் ஊர்கிறது. ஒரு வரி எழுது.

ஹெப்சிபா


பெங்களூரு
30.9.2024

மதினி,

கண்டேன் என்றுதான்.

மூன்று நிபுணர்கள் பார்த்து ஒப்புதல் தந்த படம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்த மூலை காலியாக இருந்தால் என் கண்டுபிடிப்பு பாதிதான் நிற்கும். அழகுக்காகச் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். எனக்கு இங்கே வேலை இருக்காது.

நீங்கள் கேட்டது சரி. ஆனாலும் உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமல் முதலில் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். அண்ணனிடம் நானே சொல்கிறேன். எப்போது என்று தெரியவில்லை. அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

ஆன்மேரி