இரண்டு பைகளில் ஒரு கூடாரம்

மார்ச் 3, செவ்வாய்

ஆலையில் பாட்டில் கழுவும் இயந்திரத்தில் மறுபடியும் அதே பேரிங் தகராறு. மாற்றித் தொலையுங்கள் என்று எத்தனை தடவை எழுதிக் கொடுப்பது? கிரீஸ் அடித்து ஓட்டச் சொல்கிறார்கள். ஓடும். எத்தனை நாளைக்கு என்று மட்டும் என்னைக் கேட்கக்கூடாது.

வீட்டுக்கு வந்தால் ஒரு நல்ல விஷயம் காத்திருந்தது. ரப்பர் பட்டைகள் வந்துவிட்டன. வார் மாதிரி இழுத்துக் கொக்கியில் மாட்டினால் விடாப்பிடியாக நிற்கிறது. போன பயணத்தில் எலாஸ்டிக் கயிறு ஒவ்வொரு குழியிலும் தளர்ந்து, மனைவியின் பை பின்சக்கரத்தில் உரசி, நின்று நின்று கட்டியே பாதி நாள் போனது. மீதி நாள் அதற்கான சண்டையில் போனது. இன்று பையைக் கட்டி சைக்கிளை மாடிப்படியில் தடதடவென்று இறக்கிப் பார்த்தேன். அசையவில்லை! இத்தனூண்டு சாமான். இது அப்போதே கையில் இருந்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

அவளிடம் காட்டினேன். "ம், நல்லாருக்கு" என்றாள், மொபைலைப் பார்த்தபடியே.

வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனை, எக்ஸ்ரே பிரிவுக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போகிறாயா என்று கேட்டேன். "ஒரு தடவை சைக்கிள்ல போயிட்டு வருவோம். வந்து சொல்றேன்." அவள் போனால் நான் என்ன செய்வது, கூடப் போவதா, இங்கேயே கிடப்பதா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 'நாம' என்ற சொல் இந்த வீட்டில் கொஞ்ச காலமாகப் புழக்கத்தில் இல்லை.

பயணம் நன்றாக அமைந்தால் போக மாட்டாள். அவ்வளவுதான் கணக்கு.

மார்ச் 8, ஞாயிறு

இன்றைய கண்டுபிடிப்புகள். தலையில் மாட்டும் விளக்கைத் தண்ணீர் கேனின் மேல் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டினால், கேன் முழுக்க வெளிச்சமாகிவிடுகிறது. கண் கூசாது, எதிரில் இருப்பவர் முகம் தெரியும். அடுத்தது, பழைய டியூபை வளையமாக வெட்டி பிரேக் பிடியையும் ஹேண்டிலையும் சேர்த்து மாட்டினால் சாய்த்து வைத்த சைக்கிள் உருளாது. செலவு ஒன்றுமில்லை. இதை யாரும் ஏன் முதலிலேயே சொல்வதில்லை?

மச்சான் வந்திருந்தார். அவளுடைய அண்ணன், மருந்துக்கடை வைத்திருப்பவர். கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருந்ததைத் தாண்டித் தாண்டி வந்தார். "மாப்ள, நீங்க சைக்கிள்ல போறீங்களா, நிலாவுக்குப் போறீங்களா?"

அவள் சமையலறையிலிருந்து சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் அங்கேயே நின்று வெகுநேரம் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் எடுக்கப் போனேன். நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தச் சொல்லி யார் கேட்டது?

மார்ச் 12, வியாழன்

சுமையைப் பிரித்தாகிவிட்டது. கூடாரம் இருவருக்கும் பொது. ஒரே பையில் ஏற்றினால் ஒரு சைக்கிள் திண்டாடும். அதனால் மடக்குக் கம்பிகளும் முளைகளும் என் பையில். துணி அவள் பையில், மெத்தென்று சுருண்டு ஹேண்டிலில் உட்காரும். அடுப்பு என்னிடம், கேஸ் டப்பா அவளிடம். கச்சிதம்.

அவள் பையின் அடியில் ஒரு மடக்கு முக்காலி இருந்தது. எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். தரை எல்லா ஊரிலும் இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

எல்லாம் தயார். மழை இல்லை என்கிறார்கள்.

மார்ச் 20, வெள்ளி

ஏரிக்கரை. ஒரு பட்டை தளரவில்லை, ஒரு பை உரசவில்லை. மேட்டில் அவள் இறங்கித் தள்ளவே இல்லை. எனக்குத் தெரிந்து இதுதான் எங்களுடைய சிறந்த நாள். இதை நான் நேரத்தோடு வந்து சேர்ந்த கையோடு எழுதியிருக்க வேண்டும். அப்போது அது உண்மை.

கூடாரம் அடித்ததும் அவள் பையைத் துழாவினாள்.

"ஸ்டூல் எங்க?"

"வீட்ல வச்சுட்டேன். தேவையில்லாத கனம்."

"என் பையில இருந்து எடுத்தியா?"

"உனக்குத்தான் லேசாச்சு. மேட்டுல எப்படி ஏறின பாத்தியா?"

"நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாக்குறவ நான். ஒரு இடத்துல உக்காந்து சும்மா தண்ணியப் பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன். வேற எதுக்கும் வரல."

"பாய் இருக்கே, தரையில உக்காரு."

"ஈரத்துலயா?"

"அடியில பிளாஸ்டிக் ஒட்டியிருக்கு, ஈரம் ஏறாது."

"சரிங்க சார்" என்றாள்.

சார் என்றால் அன்றைய பேச்சு முடிந்தது என்று பொருள். இருட்டும்வரை கரையில் நின்றே ஏரியைப் பார்த்தாள். பிறகு கேன் விளக்கைப் போட்டேன். அற்புதமாக எரிந்தது. எதிரில் இருப்பவர் முகம் தெரியும் என்று எழுதியிருந்தேன் அல்லவா, தெரிந்தது.

மார்ச் 21, சனி

காலையில் கூடாரத்தைப் பிரித்தோம். பேசாமலே, ஒருவர் கை ஒருவருக்குத் தெரிந்து. அவள் துணியைச் சுருட்டித் தன் பையில் வைத்தாள். நான் கம்பிகளை என் பையில். இந்த வேலையில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நாலு ரோடு சந்திப்பில் நின்றபோது முக்காலி விஷயத்தை நான்தான் மறுபடி எடுத்தேன். ஏன் எடுத்தேன்? விளக்கினால் புரியும் என்று. கனம் மேலே இருந்தால் இறக்கத்தில் வண்டி ஆடும், அது இது என்று. அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, எதிரே வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினாள். கண்டக்டர் சைக்கிளைக் கூரையில் ஏற்றினார்.

"இப்ப நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்றேன்.

"நீ தப்பா எதுவும் சொல்லல. எப்பவுமே நீ சொல்றது சரியாத்தான் இருக்கு. எனக்கு அலுத்துப்போச்சு."

பஸ் போய்விட்டது. நான் திட்டப்படி மேலே போனேன். வீம்புதான், வேறென்ன. மாலையில் மழை பிடித்துக்கொண்டது. கூடாரம் போடலாம் என்று பையைத் திறந்தேன்.

கம்பி. முளை. அடுப்பு.

இதை எழுதுவது ஒரு பஸ் நிழற்குடையில். பக்கத்தில் மழைக்கு ஒதுங்கிய ஒரு பெரியவர். "அந்தக் கம்பி மீன் பிடிக்கவா தம்பி?"

"இல்லங்க, டென்ட் கம்பி."

"டென்ட் எங்க?"

"பஸ்ல போயிடுச்சு."



மார்ச் 23, திங்கள்

வீட்டில் அவள் இல்லை. மச்சான் போன் செய்தார். "இங்கதான் இருக்கா மாப்ள. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"டென்ட் துணி அவகிட்ட இருக்கு மச்சான். ஈரமா மடிச்சது. வெயில்ல போடச் சொல்லுங்க, பூஞ்சை பிடிச்சுடும்."

"உங்களுக்கு இப்ப அதுதான் கவலையா மாப்ள?"

அது மட்டும் இல்லை. ஆனால் அது ஒன்றைத்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

மார்ச் 27, வெள்ளி

ஆலையில் வெல்டர், வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்டுவிட்டான். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறானாம்.

"சார், நீங்களே கூப்பிட்டுப் பேசுங்க. பேசினா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?"

"அவ கூப்பிடுவா. கூப்பிட்டே ஆகணும்." அவனுக்கு விளக்கினேன். கம்பி இல்லாமல் அந்தத் துணி வெறும் துணி. துணி இல்லாமல் கம்பி வெறும் கம்பி. அவளுக்கு வெளியே போகாமல் இருக்க முடியாது, சைக்கிளைத் தொடாமல் ஒரு மாதம் தாண்ட மாட்டாள். கிளம்பும் அன்று கம்பி வேண்டும் அல்லவா?

வெல்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டான்.

தர்க்கத்தில் எங்கே ஓட்டை? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

அவளிடமிருந்து செய்தி. "வேலைக்குச் சரின்னு சொல்லிட்டேன். அடுத்த மாசக் கடைசியில கிளம்பணும்."

என்னென்னவோ எழுதினேன். போகாதே என்று எழுதினேன். நானும் வரட்டுமா என்று எழுதினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கடைசியில் அனுப்பியது: "கம்பி என்கிட்ட இருக்கு."

"தெரியும்."

அவ்வளவுதான். அனுப்பியவனைக் கூப்பிட்டு நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

கம்பிகளைத் துடைத்து உறையில் போட்டு நானே எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். கொடுக்கும் சாக்கில் பேசலாம் என்று. என்ன பேசுவது என்பதை வழியில் மூன்று விதமாகத் தயாரித்தேன். கதவைத் திறந்தவர் மச்சான்.

"அவ இல்லியே மாப்ள. நேத்தே சைக்கிள எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. நாளைக்குத்தான் வருவா."

"எங்க தங்குவா?"

"டென்ட்லதான்."

"கம்பி இல்லாமலா?" உறையைத் தூக்கிக் காட்டினேன், ஏதோ நிரூபிக்கிற மாதிரி.

மச்சான் மொபைலை எடுத்து அவள் காலையில் அனுப்பிய படத்தைக் காட்டினார். எங்கள் கூடாரம். ஒரு முனை மரத்தில் கயிறு போட்டு உயர்த்தியிருக்கிறது. மறுமுனைக்கு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தின் மேல் துணியை இழுத்துவிட்டு, இரு பக்கமும் கல்லில் கட்டியிருக்கிறாள். முளைக்குப் பதில் வெட்டிய குச்சிகள். வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி.

பெரிதாக்கிப் பார்த்தேன். எங்காவது தொய்வு இருக்கும், தண்ணீர் தேங்கும், காற்றடித்தால் சாயும் என்று தேடினேன். இல்லை. துணி சரியாக இறுகியிருந்தது. காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி அடித்திருந்தாள். நான் அடித்திருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்காது.

"முதல் தடவை விழுந்துடுச்சாம்" என்றார் மச்சான். "இது மூணாவது ட்ரிப்பு. காபி போடச் சொல்லவா?"

"வேணாம் மச்சான்."

"கம்பிய வச்சுட்டுப் போறீங்களா?"

"கேட்டாளா?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். காலால் செருப்பை நேராக்கிக்கொண்டே, "இல்ல மாப்ள" என்றார்.

திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

மூணாவது ட்ரிப்பாம். நான் இங்க உக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருந்தப்ப அவ மூணு தடவ போயிட்டு வந்துட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை — எதுக்குச் சொல்லணும்? என்ன கேக்கணும் என்கிட்ட? கனம் எவ்வளவுன்னா?

படத்தில் அவள் இல்லை. எடுத்தது அவள்தானே. முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

பேரிங் உடைந்தது. நான் சொன்னது சரி. நான் சொல்லிக்காட்டவில்லை. மாற்றிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மதியம் போன் ஒலித்தது. செய்தி. அவள் பெயர்.

கையைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்துகொண்டு, அப்புறம்தான் திறந்தேன்.

"சைக்கிள அட்டைப்பெட்டியில போட்டு ரயில்ல அனுப்பணும். வலது பெடல் வந்துடுச்சு. இடது வரவே மாட்டேங்குது. அண்ணன் ஸ்பேனர வளைச்சுட்டார். எந்தப் பக்கம் திருப்பணும்?"

கூப்பிடுவாள் என்று சொன்னேன் இல்லையா. கூப்பிட்டுவிட்டாள்.

இடது பெடலுக்கு மட்டும் தலைகீழ் மரை. தெரியாதவர்கள் கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேரும் இவ்வளவு நேரம் அதைத்தான் செய்திருக்கிறார்கள். நான் பதில் போடாமல் இருந்தால் இன்றைக்கு அந்தப் பெட்டி மூடாது. தப்பான பக்கம் சொன்னால் நாளைக்கும் மூடாது. வேறு வழியில்லாமல் என்னை வரச் சொல்வார்கள். ஸ்பேனரோடு போகலாம். அவள் பக்கத்தில் உட்காரலாம்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

"கடிகார முள் சுத்துற பக்கம் திருப்பு. முதல்ல ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு. ஸ்பேனரை பின்சக்கரத்தைப் பாத்து வச்சுக் கீழே மிதி, கையால முடியாது."

அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

"வந்துடுச்சு. தேங்க்ஸ்."