பிரிஸி படித்த இரண்டாம் பருவம்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

மந்தைவெளி,
சனிக்கிழமை காலை

அன்பு மகள் ஷீலாவுக்கு,

அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, உன் மகள் பிரிஸி மூவரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம், என் வலது முழங்கால் மட்டும் மழை பிடித்ததிலிருந்து எங்களோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. லீட்ஸ் குளிரில் நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அறிய ஆசை. இந்தக் காலத்தில் யாரப்பா காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ அழுவாய், அதைக் கேட்டு உன் அம்மா அழுவாள், சொல்ல வந்த விஷயம் நடுத்தெருவில் நிற்கும். அதுவும் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ போனை எடுப்பதே இல்லை. அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். வடபழனி டிப்போவில் டைம் கீப்பராக உட்கார்ந்து, பஸ் புறப்படும் நேரம் எழுதி எழுதிக் கோணிப்போன கையெழுத்து, பொறுத்துப் படி.

நீ கடைசியாக அனுப்பிய மெசேஜில் கேட்டிருந்தாய், இந்தப் பருவத்தில் என் பிள்ளை என்னதான் கற்றுக்கொண்டாள், பெற்றவளை மறப்பதைத் தவிர என்று. உன் அம்மா அதைப் படித்துவிட்டு போனை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். கோபத்தில் கேட்டாய் என்று தெரியும். ஆனாலும் கேள்வி கேள்விதானே, பதில் சொல்ல வேண்டியது என் கடமை. மூன்றாம் வகுப்பு இரண்டாம் பருவத்தை அவளோடு சேர்ந்து நானும்தான் படித்தேன். வேலையை விடுவதாகச் சொன்னாயே, இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் ராஜினாமா எழுது, அதுவரை பேனாவைத் தொடாதே.

தமிழில் அகர வரிசை நடத்தினார்கள். அந்த வாரம் உன் அம்மாவின் சமையலறை அலமாரி தலைகீழாகிவிட்டது, அரிசிக்கு அடுத்து உப்பு, உப்புக்கு அடுத்து கடுகு, அப்புறம் சீரகம் என்று டப்பாக்கள் அணிவகுத்து நிற்கின்றன, கடுகு எங்கேடி என்று உன் அம்மா கத்தினால் க வரிசையில பாரு ஆயா என்று ஹாலிலிருந்து பதில் வருகிறது. இங்கிலீஷில் முழு வாக்கியமாகப் பேச வேண்டுமாம், தண்ணீர் கேட்டால்கூட மே ஐ என்று ஆரம்பிக்கிறாள், உன் அம்மாவும் லேசுப்பட்டவளா, எஸ் யூ மே என்று ராணி வீட்டில் வளர்ந்தவள் மாதிரி சொம்பை நீட்டுகிறாள். கணக்கில் ஆறாம் வாய்ப்பாடு வரை வந்துவிட்டது, ஆறேழு நாற்பத்திரண்டில் மட்டும் தினமும் தடுக்கி விழுந்து பென்சில் சரியில்லை என்கிறாள், ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம். கடன் வாங்கிக் கழித்தல் வந்தபோது ஒரு கூத்து நடந்தது. பக்கத்து எண்ணிடம் வாங்கிய பத்தை எப்ப மிஸ் திருப்பித் தருவோம் என்று கேட்டிருக்கிறாள், திருப்பித் தர வேண்டாம் என்று அவர் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம் போய், அது திருட்டில்லையா என்று புகார் கொடுத்துவிட்டு வந்தாள். சிஸ்டர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

அறிவியலில் தண்ணீருக்கு மூன்று நிலை என்று படித்துவிட்டு வந்து, இட்லிப் பானை மூடியைப் பாதியில் திறந்து ஆவி பார்த்தாள், அன்றைக்கு இட்லி இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தது, நான் சாப்பிட்டேன். பஞ்சில் பயறு முளைக்க வைக்கச் சொன்னார்கள், பாசம் அதிகமாகி மணிக்கொரு தரம் தண்ணீர் ஊற்றி முதல் தடவை அழுக வைத்தாள், இரண்டாம் தடவை முளைத்தது. சமூக அறிவியலில் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரைபடம். மந்தைவெளி ரயில் நிலையம், பால் பூத், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் சரியாகப் போட்டவள், தாளில் மிச்சம் இருந்த இடத்தில் பாலவாக்கம் கடற்கரையையும் கடலையும் வரைந்து, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு போட்டு லீட்ஸ் என்று எழுதிவிட்டாள். மிஸ் அதற்கு மார்க் குறைக்கவில்லை, நல்ல மனுஷி. லாவண்யா என்று பெயர், மூன்றாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் அவர்தான்.

இனிமேல் சொல்வதை நிதானமாகப் படி. அக்டோபர் கடைசியில் கணக்கில் கடிகாரம் வந்தது. நம் துறை வந்துவிட்டதே என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஆனால் அவள் என்னைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. அவளே அட்டையை வெட்டி, குண்டூசி குத்தி முள் வைத்து, ஒன்றுக்கு இரண்டு கடிகாரம் செய்தாள். ஒன்று நம்ம வீட்டுக் கடிகாரம், இன்னொன்று அம்மா கடிகாரமாம். அம்மா ஊருக்கும் நம்ம ஊருக்கும் எவ்ளோ நேரம் வித்தியாசம் தாத்தா என்று கேட்டாள், ஐந்தரை மணி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, எட்டோட அஞ்சரை சேத்தா ஒன்றரை, கரெக்ட்டா தாத்தா என்றாள். நான் பேப்பரில் மழை லீவு விட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டும் ஐந்தரையும் பதின்மூன்றரை, கடிகாரத்தில் ஒன்றரைதானே, கரெக்ட் என்று சொல்லிவிட்டேன். எதற்குச் சேர்க்கிறாய் என்று கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் அவள் மாறினாள். முன்பெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு உன் போன் வந்தால் எங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பள்ளிக்கூடக் கதையெல்லாம் அளப்பாளே, அவள்தான் சாப்ட்டியாம்மா, சரி வெக்கிறேன் என்று இரண்டே வார்த்தையில் போனை ஆயா கையில் திணித்துவிட்டு ஓட ஆரம்பித்தாள். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா. முதலில் விளையாட்டு என்றோம், அப்புறம் பரீட்சை என்றோம். போன ஞாயிறு நீ பேச ஆரம்பிப்பதற்குள் அவள் போனைக் கட் செய்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டு உன் அம்மாவிடம் அவ என்ன மறந்துட்டாம்மா, யாருக்காக நான் இங்க கெடந்து சாகறேன், வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன் என்று அழுதாய். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று உன் அம்மாவும் சேர்ந்து அழுதாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பிரிஸியைப் பிடித்து நிறுத்தி, பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை பேச உனக்கு வலிக்கிறதா என்று சத்தம் போட்டேன். அவளை நான் அப்படிச் சத்தம் போட்டதே இல்லை. மூலையில் ஒடுங்கிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள், அழுகைக்கு நடுவே சொன்னாள், அங்க இப்ப ராத்திரி ஒன்றரை மணி தாத்தா, அம்மா தூங்காம எய்ந்து ஒக்காந்துகினு கீது, நானும் பேசிக்கினே இருந்தா அம்மா எப்பதான் தூங்கும்.

ஷீலா, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளை கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டாள், அவ்வளவுதான். நமக்கு எட்டு மணி என்றால் உனக்கு மத்தியானம் இரண்டரை என்பது அவளுக்குத் தெரியாது, மணியில் கழித்தல் இன்னும் நடத்தவில்லை. நீ கூப்பிடுவதோ வேலை இடத்தில் விரிப்பு வைக்கும் அந்த ஜன்னல் இல்லாத அறையிலிருந்து, பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பாக அடுக்கி வைத்திருக்கிறது, டியூட்டி நடுவில் களைத்துப்போய்க் கொட்டாவி வேறு விடுகிறாய். அதையெல்லாம் பார்த்துப் பார்த்து, தன்னோடு பேசுவதற்காக நடு ராத்திரியில் அம்மா எழுந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று இத்தனை நாள் நம்பியிருக்கிறாள். பேச ஆசை இல்லாமல் போனை வைக்கவில்லை கண்ணு, உன்னைத் தூங்க வைக்கத்தான் வைத்திருக்கிறாள். கல்லு என்று சொன்ன உன் அம்மா, அவளை மடியில் போட்டுக்கொண்டு வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

அங்கே இப்போது பகல்தான் என்று நான் உடனே சொன்னேன், நம்பினால்தானே. நீதான கரெக்ட்டுன்னு சொன்ன என்று ஒரே போடாகப் போட்டாள், அவளைப் பேச வைப்பதற்காக நான் புளுகுகிறேன் என்று எண்ணம். இத்தனை வருடம் டைம் கீப்பராக இருந்த மனிதனின் மானம் ஒரு நிமிஷத்தில் கப்பலேறிவிட்டது. உன்னைக் கூப்பிட்டோம், நீ எடுக்கவில்லை. திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு லாவண்யா மிஸ்ஸைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் பாடப் புத்தகத்தைப் புரட்டினார். பகல் இரவு பாடம் அடுத்த பருவத்துலதான் சார் வருது, பரவால்ல, இப்பவே நடத்திடறேன் என்றார். செவ்வாய்க்கிழமை மழை லீவு. புதன்கிழமை நடத்திவிட்டார்.

எப்படி என்றால், வகுப்பு ஜன்னலையெல்லாம் மூடி, ஒரு பிள்ளை கையில் டார்ச் கொடுத்துச் சூரியனாக நிறுத்திவிட்டாராம். மற்றவர்கள் முதுகு உள்பக்கமாக, கை கோத்து வட்டமாக நின்று மெதுவாகச் சுற்ற வேண்டும், அதுதான் பூமி. இவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் அதீபாதான் சென்னை. பிரிஸி, நான்தான் லீட்ஸ் என்று கேட்டு வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாளாம். சாயங்காலம் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள், தாத்தா, கணக்கு தப்பு, அதீபா மேல வெளிச்சம் வந்து எவ்ளோ நேரமாச்சு தெரியுமா, நான் இருட்டுலயே நின்னுகினு இருந்தேன், அப்புறமாத்தான் எனக்கு வந்துச்சு. சூரியன் நம்மகிட்டதான் மொதல்ல வருது, அம்மாகிட்ட லேட்டாதான் போவுது. உட்கார்ந்து அம்மா கடிகாரத்தின் முள்ளைப் பின்பக்கமாகத் திருப்பினாள், என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இந்தத் தடவை நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருப்பேன். அன்று ராத்திரி மூன்று பேரும் உன்னைக் கூப்பிட்டோம், நீ எடுக்கவில்லை. அம்மா வேல செஞ்சுகினு இருக்கும், அங்க பகலு என்று எங்களுக்கு அவள் சமாதானம் சொன்னாள்.

நீ வருவதானால் வா, இது உன் வீடு, யார் உன்னைத் தடுப்பது. ஓசூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை கிளிஃபர்டும் அதையேதான் சொன்னார். ஆனால் பிப்ரவரியில் அந்த ஊர் நர்ஸ் பரீட்சை தேறிவிட்டால் அவரையும் பிள்ளையையும் அங்கேயே அழைத்துக்கொள்ளலாம் என்றுதானே இந்தப் பாடு படுகிறாய். பிள்ளை ஏங்குகிறாள் என்று வந்தால் வா, நானே விமான நிலையத்துக்கு வருகிறேன். மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வராதே, அது பொய், பொய்யை நம்பி இரண்டு வருட உழைப்பை விட்டெறியாதே.

இன்னொன்று சொல்ல வேண்டும். கணக்கு திருந்தியதும் எங்களுக்குப் புதுத் தொல்லை ஆரம்பித்திருக்கிறது. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு உன் அம்மா சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டாள், பிரிஸி படுக்கையிலிருந்து எழுந்து ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். நமக்கு ஆறுன்னா அம்மாவுக்கு நடு ராத்திரி தாண்டி அரை மணி ஆயா, இப்பதான் நெசமா தூங்கும் என்றாள். அவ்வளவு தூரத்துக்குக் கேட்காதுடி என்று சொல்லிப் பார்த்தோம், எடுபடவில்லை. நாம் தூங்கி முடித்த ராத்திரிதான் உனக்கு வருகிறதாம், அதைக் கெடுக்கக் கூடாதாம். அன்றிலிருந்து காலையில் மிக்ஸி கிடையாது, ரேடியோ கிடையாது, நான் இருமினால்கூட உதட்டில் விரல் வைத்துக் காட்டுகிறாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் வரை இந்த வீட்டில் எல்லாரும் கிசுகிசுவென்றுதான் பேசுகிறோம், ஷீலா. நீ தூங்குகிறாய்.

மாதா உன்னை எந்நேரமும் காத்துக்கொள்வாள். உடம்பைப் பார்த்துக்கொள், காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, பரீட்சைக்குப் படி. நாளை ஞாயிறு எட்டு மணிக்கு அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், மறக்காமல் கூப்பிடு. அந்த விரிப்பு அறையிலிருந்து வேண்டாம், ஏதாவது ஒரு ஜன்னல் ஓரமாக வந்து நில். உனக்குப் பகல் என்பதை அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அப்பா லூயிஸ்